வாலைப் பிடிச்சா மொழி சிக்கும்: ஓராங் லாவுத் பேச்சைக் கேட்டு எழுத ஒரு வழி

மலாய் ஓரளவு தெரியும், சந்தையில பேரம் பேசுவேன், பஸ்ல பக்கத்து சீட்காரர்கிட்ட கதை அடிப்பேன்னு இருக்கறவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். சுத்தமா மலாய் தெரியாதவங்களும் படிக்கலாம், ஆனா களத்துல இறங்கறதுக்கு முன்னாடி ஒரு ஆறு மாசம் மலாய் கத்துக்கிட்டு வாங்க, அது இல்லாம இதுல கை வெச்சா தலையும் புரியாது வாலும் புரியாது. வாலைப் பத்திதான் இன்னிக்குப் பேசவே போறோம்.

ஓராங் லாவுத்னா மலாய்ல கடல் ஆளுங்க. ஒரு காலத்துல படகுலயே பொறந்து, படகுலயே சமைச்சு, படகுலயே குடும்பம் நடத்தி, காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அதுக்கு ஏத்த மாதிரி தீவு மாத்திக்கிட்டு இருந்தவங்க. 1500-கள்ல வந்த போர்ச்சுகீசியர்கள் இவங்களை செலாத்தெஸ்னு எழுதி வெச்சிருக்காங்க, செலாத்னா மலாய்ல ஜலசந்தி, அதாவது ஜலசந்திக்காரங்க. மலாக்கா, ஜொகூர் சுல்தான்களுக்குக் கடற்படை மாதிரி இருந்ததே இவங்கதான். இப்ப பெரும்பாலும் கரையில வீடு கட்டி இருக்காங்க, ஆனா பேச்சுல அந்த உப்பு இன்னும் இருக்கு.

முதல் வேலை, யார் யாருன்னு பிரிச்சுக்கறது. நெறைய பேர் இங்கேயே வழுக்கி விழறாங்க. கடல்ல படகுல வாழ்றவங்கன்னா எல்லாரும் ஒரே ஆளுங்கன்னு நெனச்சு மோக்கென், பஜாவ், ஓராங் லாவுத் மூணையும் ஒரே மூட்டையில கட்டிடுவாங்க. பர்மா தாய்லாந்து பக்கம் இருக்கற மோக்கென் மொழி தனி, அது ஆஸ்திரோனேசிய குடும்பம்தான் ஆனா மலாய்க் கிளை கிடையாது. சபா, தெற்கு பிலிப்பைன்ஸ், சுலவேசின்னு பரவி இருக்கற சாமா பஜாவ் மொழிகளும் மலாய்க் கிளை இல்ல, அதோட வேரை போர்னியோவோட பாரிட்டோ ஆத்துப் பக்க மொழிகள் கிட்ட கொண்டு போய் சேர்க்கறாங்க. சாமாவுல ஆளுக்கு ஆ'ஆன்னு சொல்வாங்க, ஓராங் மாதிரி எதுவும் வராது. சுமத்ராவுக்கும் மலாய் தீபகற்பத்துக்கும் நடுவுல, அப்புறம் அதுக்குக் கொஞ்சம் வடக்கயும் தெற்கயும் இருக்கறவங்கதான் மலாய்க் கிளை பேசற கடல் ஆளுங்க, நம்ம விஷயம் இவங்க மட்டும்தான்.

இவங்கள்ல வடக்கு மூலையில உராக் லாவோய்', தாய்லாந்தோட புக்கெட், பீபீ, லந்தா, ஆடாங், லீபே தீவுகள்ல. ஜொகூர் ஜலசந்தியில ஓராங் செலெத்தார், தங்களைத் தாங்களே கோன் செலெத்தார்னு சொல்லிக்குவாங்க. ஜொகூர் மேற்குக் கரையிலயும் எதிர்ப்பக்கம் சுமத்ராவோட சேத்துக் கரையிலயும் துவானோ, மலேசியாவுல இவங்களை ஓராங் குவாலான்னு சொல்வாங்க. ரியாவ், லிங்கா தீவுக்கூட்டத்துல மந்தாங், மாப்போர், காலாங், பாரோக், தம்புஸ்னு ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பேர். தெற்க பங்கா, பிலித்தோங் தீவுகள்ல செக்காக், இவங்களுக்கு சாவாங்னும் லொன்சோங்னும் பேர் உண்டு. நெட்ல தேடறவங்க மொழிக்கான மூணெழுத்துக் கோட் வெச்சுத் தேடுங்க, அதுதான் சுலபம்: உராக் லாவோய்'க்கு யுஆர்கே, செலெத்தாருக்கு ஓஆர்எஸ், துவானோவுக்கு டியுபி, லொன்சோங்குக்கு எல்சிஇ. பேரை வெச்சுத் தேடினா சிங்கப்பூர்ல ஏர்போர்ட்டும் டூரிஸ்ட் ரிசார்ட்டும்தான் வரும், ஏன்னா செலெத்தார், காலாங்னு சிங்கப்பூர்ல இருக்கற இடங்களுக்குப் பேர் குடுத்ததே இந்த மாதிரி கடல் கூட்டங்கதான். இந்த சிங்கப்பூர் காலாங்காரங்க (மேல ரியாவ்ல சொன்ன காலாங் வேற கூட்டம்) 1820-கள்ல ஜொகூர்ல இருக்கற புலாய் ஆத்துப் பக்கம் போக வேண்டி வந்துச்சு, 1847-ல பெரியம்மை வந்து கூட்டமே கலைஞ்சு போச்சு, பேர் மட்டும் எம்ஆர்டி ஸ்டேஷன்ல நிக்குது.

எதுல ஆரம்பிக்கறது? என்னைக் கேட்டா உராக் லாவோய்'. 1988-ல கான்பெராவுல ஒரு அகராதியோட இலக்கணக் குறிப்பும் வந்திருக்கு, நீங்க கேட்டதைச் சரி பார்க்க ஒரு ஆதாரம் இருக்கும். துவானோவைத் தயவுசெஞ்சு முதல்ல தொடாதீங்க, ஊர் மலாய்க்காரங்களே பக்கத்துல உக்காந்து கேட்டாலும் புரியாதுன்னு சொல்ற அளவுக்கு அது தனியாப் போயிடுச்சு, உங்களுக்கு மனசு விட்டுப் போகும்.

இப்ப வாலுக்கு வருவோம். மலாய் வட்டார வழக்குகள்ல நெறைய வித்தியாசம் சொல்லோட கடைசி எழுத்துலதான் இருக்கு. தலை அப்படியே இருக்கும், வால் மட்டும் மாறும். இதுக்குக் காது பழக்கறதுக்கு நேரா தீவுக்குப் போக வேண்டாம், முதல்ல தீபகற்பத்து மலாய் வழக்குகளை யூடியூப்ல ரெண்டு வாரம் கேளுங்க. புத்தக மலாய்ல தீக்குஸ்னா எலி, கெடா பக்கம் தீக்குய்ஹ். பானாஸ்னா சூடு, அங்க பானாய்ஹ். கப்பால் அங்க கப்பாய் ஆயிடும் (நம்ம கப்பல்தான் அது, தமிழ்ல இருந்து போனது, போன இடத்துல வாலை வெட்டிட்டாங்க). பெசார் பெசாக் மாதிரி தொண்டைக்குள்ள முடியும். கிளந்தான் போனா இக்கான் இக்கே ஆகும், மக்கான் மக்கே ஆகும். தெரெங்கானுல அதே இக்கான் இக்காங். ஒரே மீன், மூணு வால். இது புடிபட்டதுக்கு அப்புறம் கடல் ஆளுங்க பேச்சைக் கேளுங்க.

உராக் லாவோய்'ங்கற பேரே ஒரு பாடம். அது வேற ஒண்ணும் இல்ல, ஓராங் லாவுத்தான். ஓராங் உராக் ஆச்சு, லாவுத் லாவோய்' ஆச்சு. ரெண்டே சொல்லுல ரெண்டு விதி வந்துருச்சு பாருங்க. முதல் விதி, கடைசியில வர்ற மூக்கொலி வல்லொலியா மாறிடும், ங் இருந்தா க், ன் இருந்தா த், ம் இருந்தா ப். ஜாலான்னா ரோடு, அது ஜாலாத். டாலாம்னா உள்ளே, அது டாலாப். ரெண்டாவது விதி, ஏற்கனவே கடைசியில த் இருந்த சொல்லுங்கள்ல அந்த த் போயிட்டு முன்னாடி ஒரு ய் வந்து தொண்டை அடைப்புல (அந்த ' குறி அதுதான்) முடியும்.

இந்த ரெண்டையும் சேத்துப் பாத்தாத்தான் அழகு தெரியும். மக்கான் இக்கான்னா மீன் சாப்பிடறது, அது மக்காத் இக்காத்னு வரும். புத்தக மலாய் காதுல இக்காத்னா கட்டு, முடிச்சுப் போடுன்னு அர்த்தம். அப்ப இவங்களுக்கு மீனும் முடிச்சும் குழம்பாதான்னு கேப்பீங்க. குழம்பாது, ஏன்னா பழைய த் ஏற்கனவே எழுந்து போயிடுச்சு, காலியான நாற்காலியில ன் வந்து உக்காந்திருக்கு, அவ்வளவுதான். விதிப்படி பாத்தா பழைய இக்காத் இக்காய்'னு ஆகணும். இப்படி ஒரு கணக்குப் போட்டுக்கிட்டுப் போய் அங்க ஒரு பெரியவர்கிட்ட கேட்டு சரி பாக்கறதுலதான் இந்த வேலையோட ருசியே இருக்கு.

நான் முதல் தடவை ரெக்கார்டிங் கேட்டப்போ ஜாலாத்னு காதுல விழுந்துச்சு, அவர் தப்பா சொல்றாரு, இல்லன்னா ஆடியோ வெட்டிருச்சுன்னு நெனச்சு நோட்டுல ஜாலான்னு திருத்தி எழுதிட்டேன். ஒரு முழு பக்கம் அப்படித் திருத்தினேன். அந்தப் பக்கம் இப்பவும் இருக்கு, பாக்கும்போதெல்லாம் வெக்கமா இருக்கும். புத்தக மலாயை அளவுகோலா வெச்சா இதுதான் நடக்கும், அவர் பேசறது மொழின்னு தெரியாம அவரைத் திருத்திக்கிட்டு இருப்போம்.

ஒரு விதிவிலக்கு முக்கியம். கடைசி அசையே மூக்கொலியில ஆரம்பிச்சா அந்த வால் மாறாது. தாங்ஙான், அதாவது கை, கடைசி அசை ஙான், இதுல ன் அப்படியே நிக்கும். காரணம் புரிஞ்சா மறக்காது. ஜாலான்ல லா சொல்லும்போது காத்து வாய் வழியாப் போகுது, ன் வரும்போது மூக்குக்கு மாறணும், அந்த மாத்தறது கொஞ்சம் லேட்டாச்சுன்னா நாக்கு முதல்ல ஒட்டிக்கிட்டு ஜாலாத்ன்-னு ரெண்டுங்கெட்டானா ஒரு ஒலி வரும், அதுல ன் உதிர்ந்தா ஜாலாத். தாங்ஙான்ல காத்து முன்னாடியே மூக்கு வழியாப் போயிட்டு இருக்கு, மாத்தற வேலையே இல்ல, அதனால ஒட்டறதும் இல்ல. அந்த ரெண்டுங்கெட்டான் ஒலி தீபகற்பத்து ஓராங் அஸ்லி (ஆதிக்குடி மக்கள்) மொழிகள் சிலதுலயும் போர்னியோ மொழிகள் சிலதுலயும் இன்னும் இருக்கு, அதனால உராக் லாவோய்' காரங்க நாக்கு மட்டும் ஏதோ விசித்திரம்னு நெனக்காதீங்க.

இப்ப நம்ம காது பிரச்சனை. தமிழ்க் காதுக்கு வால்தான் பலவீனம், இதை நான் திரும்பத் திரும்பப் பாத்துட்டேன். வல்லினத்துல சொல் முடிஞ்சா நமக்குத் தாங்காது, பின்னாடி ஒரு உ ஒட்ட வெச்சுடுவோம், பஸ்ஸு, கேட்டு, கப்பு. உராக்னு கேட்டா கை தானா உராக்குன்னு எழுதும். மலாய்லயும் இந்த வழக்குகள்லயும் கடைசி க், த், ப் வெடிக்காது, வாய் மூடி அப்படியே நின்னுடும், அந்த நின்ன இடம்தான் எழுத்து. பழகறதுக்கு ஒரு வழி, பக்குவம்னு சொல்ல ஆரம்பிச்சு பக்-ல நிறுத்திடுங்க, அடுத்த கு வரக் கூடாது, அந்த நிலையில பின்நாக்கு எப்படி இருக்குன்னு கவனிங்க. அதான் க். தொண்டை அடைப்பு ஒலி நமக்கு எழுத்துல இல்லையே தவிர வாயில இருக்கு, வேண்டாம்னு சொல்ல ம்'ம்னு தலையாட்டுவோமே, நடுவுல ஒரு வெட்டு வருதே, அதுவேதான்.

இதுல நமக்கு ஒரு லாபமும் இருக்கு. கடைசி மூக்கொலி தேயறது நமக்குப் புதுசு இல்ல, அவன்னு எழுதிட்டு அவ-ன்னு உயிரை மூக்குல விட்டு முடிக்கறோம், மரம்னு எழுதிட்டு மரோ-ன்னு முடிக்கறோம். கிளந்தான்காரங்க போன வழியும் கிட்டத்தட்ட இதே வழி. உராக் லாவோய்' நேர் எதிர்ப் பக்கம் போச்சு, மூக்கை விட்டுட்டு வாயை மூடிக்கிச்சு. ரெண்டும் ஒரே எடத்துல கிளம்பின ரெண்டு படகுன்னு வெச்சுக்கங்க.

தமிழ் எழுத்துல மட்டும் நோட்ஸ் எடுக்காதீங்க. ப எழுதினா அது பல்-ல வர்ற ப-வா பஸ்-ல வர்ற ப-வான்னு நாளைக்கு உங்களுக்கே தெரியாது, க எழுதினா நடுவுல அது ஹ ஆயிடும். ரோமன் எழுத்துல மலாய் ஸ்பெல்லிங்ல எழுதிட்டு, வாலுக்கு மட்டும் சர்வதேச ஒலி எழுத்துல ஒரு பத்து குறி கத்துக்கிட்டாப் போதும். முழு அட்டவணையையும் மனப்பாடம் பண்றேன்னு கிளம்பினவங்க யாரும் தீவு வரைக்கும் போய்ச் சேர்ந்ததா நான் பாக்கல.

சொல் பட்டியல் சின்னதா வெச்சுக்கங்க. 200 சொல் பட்டியல் எல்லாம் அப்புறம். முதல் நாளுக்கு வால் வெரைட்டி இருக்கற மாதிரி ஒரு பதினஞ்சு: லாவுத், ஓராங், இக்கான், மக்கான், மாலாம், உஜான், தீக்குஸ், பானாஸ், ஆபிஸ் (முடிஞ்சதுன்னு அர்த்தம், ஆபீஸ் இல்ல), பெசார், ஆயிர், கப்பால், லீமா, தாங்ஙான், பெராஹு. கடைசியா இருக்கற பெராஹுவை விட்டுடாதீங்க, படகுன்னு அர்த்தம், செலெத்தார்காரங்ககிட்ட அது சுருங்கி பாவுன்னு ஆயிடுச்சு, கூரை போட்ட வீட்டுப் படகைப் பாவு காஜாங்னு சொல்வாங்க. காஜாங்னா ஓலையைத் தெச்சு செஞ்ச கூரைப் பாய். தலைமுறை தலைமுறையா அதுலயே குடியிருந்தவங்க வாயில அந்தச் சொல் தேஞ்சுதான போகும். லீமா எதுக்குன்னா கடைசி ஆ என்ன ஆகுதுன்னு பாக்க, ஜொகூர் பக்கம் அது மங்கி எ-க்கும் அ-க்கும் நடுவுல முடியும், கெடாவுல ஆ-வாவே நிக்கும், நீங்க போற கூட்டம் எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருங்க.

கேக்கற விதம்தான் கஷ்டமானது. "ஜாலானுக்கு உங்க பேச்சுல என்ன சொல்வீங்க"ன்னு மலாய்ல கேட்டீங்கன்னா ஜாலான்னுதான் பதில் வரும். அவங்க எல்லாரும் மலாய், இல்லன்னா தாய், இந்தோனேசிய மொழி நல்லாப் பேசறவங்க, வெளி ஆள் வந்தா மரியாதைக்கு வெளி மொழிக்கு மாறிடுவாங்க, நம்ம வீட்டுலயும் விருந்தாளி வந்தா அப்பா எழுத்துத் தமிழுக்குப் போயிடுவாரே அந்த மாதிரி. அதனால பொருளைக் காட்டிக் கேளுங்க, மீனைக் காட்டுங்க, கையைக் காட்டுங்க. அதை விட நல்லது ரெண்டு பெரியவங்களைப் பேச விட்டுட்டு நீங்க ஓரமா உக்காந்துக்கறது. எதைப் பத்திப் பேச வைக்கறதுன்னா காத்து, நீரோட்டம், நண்டு. ரியாவ் பக்கம் வருஷத்தையே வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்குன்னு காத்தை வெச்சுத்தான் பிரிப்பாங்க, ஏத்தம் பாசாங், வத்தம் சூருத், அதுக்கு நடுவுல நிலாவோட நாளை வெச்சு எத்தனையோ சொல், இந்த நிலாச் சொல்லுங்கள்ல நெறைய நகரத்து மலாய்ல இப்பக் கேக்கறது இல்ல. துவானோகாரங்ககிட்ட சேத்துல பலகை மேல ஒரு கால் மண்டி போட்டு இன்னொரு காலால தள்ளிக்கிட்டே கிளிஞ்சல் பொறுக்கற வேலையைப் பத்திக் கேளுங்க, இந்திரகிரி ஹிலிர் பக்கம் அதுக்கு மெனோங்காஹ்னு பேர், அந்தப் பேச்சை ஆரம்பிச்சா அவங்க உங்களை மறந்துடுவாங்க. மறந்தாத்தான் உங்களுக்கு வேலை ஆகும்.

நீங்க திருப்பிச் சொல்லி "சரியா"ன்னு கேட்டா சரின்னுதான் சொல்வாங்க, தப்பா சொன்னாலும். ரெண்டு விதமா சொல்லி எது நல்லா இருக்குன்னு எடுக்கச் சொல்லுங்க.

ரெக்கார்டிங்குக்கு ஃபோன் போதும், ஆனா வேவ் ஃபார்மட்ல, 48 கிலோஹெர்ட்ஸ்ல எடுக்கற ஆப் போட்டுக்கங்க. நாய்ஸ் ரிடக்‌ஷன், வாய்ஸ் என்ஹான்ஸ் மாதிரி எது இருந்தாலும் ஆஃப் பண்ணிடுங்க, சத்தம் சின்னதா இருக்கற இடத்தை அது குப்பைன்னு நெனச்சு வெட்டும், நமக்கு வேண்டிய வால் அங்கதான் இருக்கு. வாட்சப் வாய்ஸ் மெசேஜை வெச்சு வால் ஆராய்ச்சி பண்ணவே பண்ணாதீங்க. கடல்காத்துக்கு மைக் மேல அந்த ரோமத் தொப்பி இல்லாம போனா ரெக்கார்டிங் முழுக்க புஸ்புஸ்னுதான் இருக்கும். ஒவ்வொரு சொல்லும் மூணு தடவை, அப்புறம் ஒரு வாக்கியத்துக்குள்ள ஒரு தடவை. பக்கவாட்டுல இருந்து வீடியோவும் எடுத்துக்கங்க, டாலாப்ல உதடு மூடறது கண்ணுக்கே தெரியும், காது ஏமாத்தினாலும் உதடு ஏமாத்தாது. வீட்டுக்கு வந்து ப்ராட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், ஆம்ஸ்டர்டாம்ல செஞ்சது, அதுல போட்டுப் பாருங்க, ஒலியைப் படமா வரைஞ்சு காட்டும், மூக்கொலின்னா கீழ ஒரு கறுப்புப் பட்டை தொடர்ந்து போகும், வல்லொலின்னா டக்குனு வெள்ளை ஆயிடும். எழுத்தையும் ஆடியோவையும் கோக்கறதுக்கு ஈலான்னு இன்னொரு சாஃப்ட்வேர்.

போறதுக்கு முன்னாடி பேப்பர் வேலை. மலேசியாவுல செலெத்தாரும் ஓராங் குவாலாவும் அரசு கணக்குல இருக்கற 18 ஓராங் அஸ்லி கூட்டத்துல வர்றாங்க, கிராமத்துல ஆராய்ச்சின்னு போனா ஓராங் அஸ்லி விவகாரத்தைக் கவனிக்கற ஜாக்கோவா இலாகாவோட அனுமதி வேணும். இந்தோனேசியா, தாய்லாந்துலயும் வெளிநாட்டுக்காரங்களுக்கு ஆராய்ச்சி பர்மிட் தனி, டூரிஸ்ட் விசாவுல போய் மைக் நீட்டாதீங்க. வார்த்தைகள்லயும் ஜாக்கிரதை. சக்கைன்னு ஒரு சொல் பழைய புத்தகங்கள்ல நெறைய வரும், அது வசவு, அடிமைங்கற வாடை அடிக்கும், வாயில வரவே கூடாது. தாய்லாந்துல சாவ் நாம்னு சொல்றதை அவங்க இழிவா எடுத்துக்குவாங்க, சாவ் லே பரவாயில்ல, அவங்க பேரையே சொன்னா இன்னும் நல்லது.

இன்னொண்ணு, இந்த எல்லைக்கோடுங்க எல்லாம் பின்னாடி வந்தது. 1824-ல பிரிட்டிஷும் டச்சும் ஒரு ஒப்பந்தம் போட்டு ஜொகூரை ஒரு பக்கமும் ரியாவை ஒரு பக்கமும் வெட்டினாங்க, 1909-ல சயாமும் பிரிட்டிஷும் சேந்து வடக்க இன்னொரு கோடு. அதனால ஒரே கூட்டத்தோட பேச்சுல ஒரு கரையில ஆங்கிலக் கடன் சொல்லு, எதிர்க் கரையில டச்சுக் கடன் சொல்லு, வடக்க தாய்ச் சொல்லுன்னு ஏறி இருக்கும். கடன் சொல்லுங்களைத் தனி கலர்ல குறிச்சுக்கங்க, அதை விதிக் கணக்குல சேத்தீங்கன்னா கணக்கு கெட்டுடும், புதுசா வந்த சொல்லுக்குப் பழைய விதி ஓடாது.

ரியாவ்ல ஒரு வேடிக்கை பாத்துட்டு வாங்க. பென்யெங்காட்னு ஒரு குட்டித் தீவு, 1800-கள்ல ராஜா அலி ஹாஜி உக்காந்து மலாய் இலக்கணம் எழுதின எடம், இன்னிக்கு இந்தோனேசிய மொழிக்கும் மலேசிய மொழிக்கும் நல்ல மலாய்னு அடையாளம் காட்டற ஜொகூர் ரியாவ் மலாயோட தாய்வீடு. அதே தண்ணியில, கூப்பிடு தூரத்துல, மந்தாங்காரங்க படகு நின்னுச்சு, அவங்க பேசினதைக் கரையில இருந்தவங்க கொச்சைன்னாங்க. பெரிய அகராதிக்காரங்க பக்கத்துலயே இருந்தும் இவங்க சொல்லுங்களைச் சேர்த்தவங்க ரொம்பக் கம்மி, 1900-களோட ஆரம்பத்துல பிரிட்டிஷ்காரங்க தொகுத்த சின்னச் சின்னப் பட்டியல், 1960-ல ஒரு ஜெர்மன்காரர் ரியாவ் தீவுகளைப் பத்திப் போட்டது, அதுக்கப்புறம் அங்கொண்ணு இங்கொண்ணு.

எடுத்த ஆடியோவை லேப்டாப்ல பூட்டி வெக்காதீங்க. ஒரு காப்பி பென் டிரைவ்ல போட்டு அந்தக் குடும்பத்துகிட்டயே குடுங்க, அவங்க சம்மதிச்சா இன்னொண்ணு பாரடிசெக் மாதிரி ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புங்க, 2003-ல இருந்து ஆஸ்திரேலியாவுல அதுக்குன்னே இருக்கு. ஃபைல் பேர்ல ஊர், தேதி, பேசினவரோட வயசு போடுங்க, ஆள் பேர் வேண்டாம். அவர் படகுல பொறந்தவரா வீட்டுல பொறந்தவரான்னும் ஒரு வரி எழுதிக்கங்க, அடுத்து கேக்கற ஆளுக்கு வயசை விட அது உதவும்.